செவ்வாய்க்கிழமைச் சேட்டு

கொடிவேலிக்குளம்
20.01.1994

அன்புத் தங்கை செலஸ்ரீனாவுக்கு,

அண்ணன் ஸ்ரனிஸ்லாஸ் ஆசீருடன் வரைவது. நானும் அண்ணியும் பிள்ளைகளும் நலம். அம்மாவின் முழங்கால் உளைவு மாரி முடியும்வரை இருக்கும் போலிருக்கிறது. உன்னுடைய, மச்சான் அகஸ்ரினுடைய, கிரிசாந் ஜெசிக்கா இருவருடைய சுகத்தையும் பலெர்மோவின் குளிரையும் பற்றி எழுதவும்.

ஒரு நல்ல செய்தி. வருகிற ஐப்பசி ஏழாம் திகதி, செபமாலை மாதா திருநாளன்று, எங்கள் கொலனிக்கு நாற்பது வயது. விழாச் சபைக்கு என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள். 1954இல் காணி பெற்று முதன்முதல் காட்டுக்கு வந்த பதினான்கு பேரின் பெயர்களையும் கல்லில் பொறிக்க நினைத்தோம். கல்லை நிறுத்தச் சீமெந்து வேண்டும், அது வன்னிக்குள் வர அரசாங்கத் தடை. ஆகவே முதிரைப் பலகையில் அருளையா ஆசாரி செதுக்குகிறார். கோவிலுக்குள் பீடத்துக்கு வலப்பக்கம் தொங்கும்.

ஒரு மலரும் வெளியிடுகிறோம். அப்பாவைப் பற்றி நான் எழுதியதில் ஒரு பகுதி: ‘அமரர் யாக்கோபு அவர்கள் கொடிய விலங்குகள் உலாவிய கானகத்தைத் தம் கோடரி ஒன்றையே துணையாகக் கொண்டு வெட்டிச் சாய்த்தார். அன்னாரின் பாரியார் மதலேனாள் உறுதுணையாக இருந்தார்.’ கடைசிப் பக்கத்தில் உங்களைப் பற்றியும் உண்டு: ‘எமது கொலனியின் மருமகன் திரு. அகஸ்ரின் தம் குடும்பத்தை இத்தாலி தேசத்துக்கு அழைத்துச் சென்று சிறப்புடன் வாழ்கிறார்.’

அதற்கு ஒரு குடும்பப் படம் தேவை. மச்சான் கோட்டுப் போட்டு நடுவில் இருக்கட்டும்.

மாதா உங்களைக் காப்பாராக.
ஸ்ரனிஸ்லாஸ்

†

பலெர்மோ
06.03.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுறன். இஞ்சை எல்லாரும் சுகம். கிரிசாந்துக்குத் தடிமன் வந்து மாறீட்டுது. அம்மாவின்ரை முழங்காலுக்குப் பூச ஒரு களிம்பு வைக்கிறன், வழியிலை ஆரும் எடுக்காட்டி வந்து சேரும். இவர் வேலைக்குப் போட்டார். இவரின்ரை நீலச் சேட்டைத் தோய்ச்சுக் கொடியிலை போட்டிட்டு வந்து இருந்து எழுதுறன்.

உங்கடை கடிதம் மாசி 28இலை கைக்கு வந்தது. முப்பத்தொன்பது நாள். எப்ப வந்தது, எப்ப போட்டது எல்லாம் கொப்பியிலை குறிச்சு வைக்கிறனான். பதில் எழுத ஆறு நாள் பொறுத்தன். முதல் நாள் எழுதியிருந்தால் நீங்கள் அதைக் கிழிச்சிருப்பியள்.

‘உறுதுணை’ எண்ட சொல்லை வாசிச்சுக்கொண்டு நிக்க, வுச்சீரியாச் சந்தையிலை வாங்கின மீன் சட்டியோடை கரிஞ்சு போச்சு. பிள்ளையள் பாணும் தக்காளியும் திண்டுதுகள். அண்ணா, நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள். பூசைப் புத்தகமும் சாமான் சுத்தி வாற பேப்பரும் வாசிச்சுப் படிச்ச தமிழ்தான் என்ரை தமிழ். எண்டாலும் அந்தக் கட்டுரையிலை அம்மாவை ஒரு சொல்லுக்குள்ளை போட்டு மூடியிருக்கிறியள் எண்டு விளங்குது.

கடைசிப் பக்கத்துக்கும் ஒரு பதில். 1989 மாசி 11இலை தனியத் தனிய இந்த ஊரிலை வந்து இறங்கினது ஆர்? பிள்ளையள் ரெண்டையும் அம்மாவிட்டை விட்டிட்டு வந்து, பாஷை தெரியாமல், ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவின்ரை மாமியாருக்கு மலசலம் எடுத்தது ஆர்? கெஸ்தூராப் பொலிஸ் வாசலிலை மூண்டு நாள் வரிசையிலை நிண்டு இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோப் பேப்பர் எடுத்தது ஆர்? மச்சானும் பிள்ளையளும் 1991இலை வந்தது என்ரை பேப்பரிலை. எங்கடை கொலனியிலை இருந்து இந்த நாட்டுக்கு முதல் வந்தவள் நான். நீங்கள்தான் அப்ப, ‘பொம்பிளை தனியப் போனால் சனம் என்ன கதைக்கும்’ எண்டு மூண்டு மாதம் என்னோடை கதையாமல் இருந்தனீங்கள். இப்ப அவர் அழைச்சுக்கொண்டு போனாராம்.

எனக்கு அதை மாத்தவேண்டாம். அம்மாவின்ரை பெயரைப் பலகையிலை போடுங்கோ. அப்பாவின்ரை பெயருக்குப் பக்கத்திலை, அதே அளவு எழுத்திலை. அது போதும்.

அண்ணிக்கும் மருமக்களுக்கும் என்ரை அன்பைச் சொல்லுங்கோ.
செலஸ்ரீனா

†

கொடிவேலிக்குளம்
17.04.1994

அன்புத் தங்கைக்கு,

களிம்பு வந்தது. அம்மா பூசுகிறா. நன்றி சொல்லச் சொன்னா. உங்கள் நலத்துக்கு இங்கே தினமும் செபிக்கிறோம்.

நீ எழுதியதைச் சபையில் வாசிக்கவில்லை. உன் மானத்தைக் காக்கவே. காணிப் பெமிற் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் பலகையில் என்பது சபையின் தீர்மானம். அம்மாவின் பெயரைப் போட்டால் மற்றப் பதின்மூன்று வீட்டாரும் கேட்பார்கள். பலகை ஆறடி. அருளையா எழுத்துகளை அளந்து கோடு போட்டுவிட்டார்.

அம்மாவிடம் கேட்டேன். ‘உன்ரை விருப்பம்’ என்றா. அவவுக்கு இல்லாத கவலை பலெர்மோவில் இருக்கிற உனக்கு ஏன்?

மச்சான் முன்பெல்லாம் உன் கடிதத்தின் அடியில் நாலு வரி எழுதுவார். கடைசி மூன்று கடிதத்திலும் இல்லை. வேலை கூடவோ? படத்தை மறக்காதே.

ஸ்ரனிஸ்லாஸ்

†

பலெர்மோ
02.06.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மாவுக்கு இருமல் எண்டு ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டன், உண்மையோ எண்டு எழுதுங்கோ. இவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவிலை கடற்கரைச் சாப்பாட்டுக் கடையிலை வேலை. சிப்பி கழுவுறது. நாறுற நீலச் சேட்டைத் தோய்ச்சு இப்பதான் காயப்போட்டன். கோடை வந்தால் ஞாயிறும் லீவு இல்லை. அதுதான் எழுதேல்லை. படம் வைக்கிறன். நானும் பிள்ளையளும் நிக்கிறம். இவர்தான் எடுத்தவர், அதாலை இவர் படத்திலை இல்லை.

பலகை ஆறடி எண்டியள். சரி. அம்மா நடந்தது எத்தினை மைல் எண்டு உங்கடை சபைக்குத் தெரியுமோ?

நான் கொழும்பு லொட்ஜிலை பிளேனுக்குக் காத்திருந்த பதினொரு நாளும் அம்மா என்னோடை இருந்தவ. அப்பதான் எல்லாம் சொன்னவ. அண்டண்டைக்கே கொப்பியிலை எழுதினன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுறன்.

பேசாலையிலை இருந்து லொறி. லொறிப் பாதை முடிய ஆறு மாட்டு வண்டில். பதினாலு குடும்பம். அம்மாவின்ரை வயித்திலை நான் ஆறு மாதம். உங்களுக்கு அஞ்சு வயது. அருவியாறு கடந்த இடத்திலை முதல் வண்டில்காரன் ஆனை இலத்தியைக் கண்டிட்டு, இனி வரமாட்டன் எண்டு மாட்டை அவிட்டிட்டான். ஆம்பிளையள் கூடி நிண்டு திரும்பிப் போவமோ எண்டு கதைச்சினமாம். அம்மா மண்ணெண்ணெய் ரின்னையும் அகப்பைக் காம்பையும் எடுத்துத் தட்டிக்கொண்டு முன்னாலை நடந்தா. பக்கத்துக் காணி அருள்நாயகி மாமி மாதா படத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டு பின்னாலை. கன தூரம் போன பிறகுதான் வண்டில்ச் சத்தம் கேட்டதாம். ஆம்பிளையளுக்கு வெக்கம் வர அவ்வளவு நேரம் எடுத்திருக்கு.

ஒன்பதாம் நாள் அப்பா, ‘வலையை வித்திட்டு எட்டு நாளிலை வாறன்’ எண்டு பேசாலைக்குப் போனார். காட்டுக் காய்ச்சலுக்குப் பயம். வந்தது 1956 பங்குனியிலை. முதல் வெள்ளாமை வெட்டிச் சூடும் அடிச்ச பிறகு.

காணி கிடைச்சவர் காணியிலை இருக்கவேணும் எண்டது சட்டம். மூண்டு கிழமை தொடர்ந்து ஆளைக் காணாட்டி பெமிற் வெட்டு. காணிக் கந்தோரிலை இருந்து கொலனி ஐயா செவ்வாய்க்கிழமையிலை சைக்கிளிலை வந்து வீடு வீடாய்ப் பார்ப்பார். அம்மா என்ன செய்தவ தெரியுமோ? ஒவ்வொரு செவ்வாயும் காலமை அப்பா விட்டிட்டுப் போன ஒரே சேட்டை நனைச்சுக் கொடியிலை போட்டவ. காய்ஞ்ச சேட்டு எண்டால் பெட்டியிலை இருந்து எடுத்தது எண்டு தெரிஞ்சிடும். ஈரம் சொட்டினால் ஆள் இப்பதான் மாத்திப்போட்டுப் போயிருக்கிறார்.

‘மதலேனாள், யாக்கோபு எங்கை?’
‘தடி வெட்டக் காட்டுக்குப் போட்டார், ஐயா.’

ஐயா கொடியைப் பார்ப்பார். சேட்டு சொட்டும். புத்தகத்திலை சரி போட்டிட்டுப் போவார்.

நான் பிறந்தது 1955 தை 18. செவ்வாய்க்கிழமை. விடிய என்னைப் பெத்துப்போட்டு, பாயிலை கிடந்துகொண்டே அருள்நாயகி மாமியைக் கொண்டு சேட்டை நனைப்பிச்சவ. கலண்டர் பார்த்து எண்ணினன் அண்ணா. எழுபத்திநாலு செவ்வாய். பொய் சொன்ன பாவத்துக்கு ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலையும் மன்னிப்புக் கேட்டவ. அந்தக் கோடரியும் அவவின்ரை கையிலைதான் இருந்தது.

இப்ப சொல்லுங்கோ, பெமிற் ஆரின்ரை?

பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வரப்போகுதுகள். அதுகளுக்கு மக்கரோனி அவிக்கவேணும். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை முழுக்க வாசிச்சுக் காட்டுங்கோ.

செலஸ்ரீனா

†

கொடிவேலிக்குளம்
11.07.1994

செலஸ்ரீனாவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு இருமல் இல்லை.

உன் கடிதத்தை வழமைபோல் பின்னேரச் செபம் முடிய அம்மாவுக்கு வாசித்தேன். இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். என் கண்ணாடி சரியில்லை, பிறகு வாசிக்கிறேன் என்று சொன்னேன்.

இறந்து பதினைந்து வருடமான ஒருவர் வந்து பதில் சொல்லமாட்டார் என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த அப்பா, வரம்பில் நின்று வேலை செய்த அப்பா. நீ கேள்விப்பட்டதை எழுதுகிறாய். நான் அங்கே இருந்தவன்.

கோவில் பலகையில் குடும்ப அழுக்கைத் தோய்க்க முடியாது. இதைப் பற்றி இனி எழுதாதே.

படம் கிடைத்தது. மச்சான் இல்லாத படத்தைச் சபை ஏற்காது. வேறு படம் அனுப்பவும்.

ஸ்ரனிஸ்லாஸ்

†

பலெர்மோ
18.08.1994

என்ரை அருள்நாயகி மாமிக்கு,

உங்களைக் கும்பிட்டு எழுதுறன். உடம்பு எப்பிடி? பல்லுக் கட்டினது பிடிச்சுக்கொண்டுதோ? இந்தக் கடிதத்தை எங்கடை தமிழ்ப் பூசைக்கு வாற ஒரு சிஸ்ரர் லீவிலை மன்னாருக்கு வரேக்கை கையோடை கொண்டுவாறா. தபாலிலை போட்டால் சாமியாரின்ரை விலாசத்துக்குத்தான் வரும், அங்கை அண்ணன் எடுத்துப்போடுவார் எண்டு பயம். உங்கடை பேத்தியைக் கொண்டு வாசிப்பியுங்கோ. கதவைச் சாத்திப்போட்டு.

போன மாதம் இஞ்சை சாந்தா ரொசாலியாவின்ரை திருநாள். செருப்பில்லாமல் மலை ஏறினன். எங்கடை சைவச் சனமும் ஏறினது. பக்கத்துத் தெரு ரதியக்கா, ‘என்ன நேத்தி?’ எண்டு கேட்டா. அம்மாவின்ரை பெயர் பலகையிலை வரவேணும் எண்டு சொன்னன். ‘இதுக்கோ இந்த வெயிலுக்கை ஏறுறாய், உன்ரை கொண்ணனுக்கு ரெண்டு போட்டால் சரி’ எண்டா. சிரிச்சன். பிறகு பாதி மலையிலை இருந்து அழுதன், ஏன் எண்டு தெரியேல்லை.

மாமி, அண்ணன் என்ரை கடிதத்தைப் பாதியிலை நிப்பாட்டிப் போட்டார். அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. மிச்சம் அவரின்ரை பெட்டியிலை கிடக்கும் எண்டு சொல்லுங்கோ. அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பா.

ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ. பலகையிலை பெயர் வேணுமோ, வேண்டாமோ? வேண்டாம் எண்டால் நான் வாயை மூடுறன். ‘உன்ரை விருப்பம்’ எண்ட மறுமொழி எனக்கு வேண்டாம்.

இவர் சுகம். வேலைக்குப் போட்டார். மூண்டாம் மாடியிலை இருந்து பார்த்தால் கபோச் சந்தையின்ரை கூடாரத் துணியள்தான் தெரியும். அதுக்கு மேலை எங்கடை கொடி. இவரின்ரை நீலச் சேட்டு காய்ஞ்சிட்டுது, எடுக்கவேணும்.

உங்கடை
செலஸ்ரீனா

†

கொடிவேலிக்குளம்
20.09.1994

செலஸ்ரீனாவுக்கு,

எல்லோரும் நலம். உன் மறுமொழி எதுவும் வரவில்லை. கோபமாக இருக்கலாம். மூத்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

பலகை முடிந்துவிட்டது. பதினான்கு பெயர்கள். யாக்கோபு என்பது நான்காவது. அருளையாவின் கைவண்ணம் அருமை. மலர் மட்டும் கடதாசி இல்லாமல் நத்தார்ப் பெருநாளுக்குத் தள்ளிப் போய்விட்டது. ஆகவே படம் அனுப்ப உனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அருள்நாயகி மாமி இப்போது அடிக்கடி வீட்டுக்கு வருகிறா. நான் உள்ளே வந்தால் இருவரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ்

†

பலெர்மோ
02.10.1994

அண்ணாவுக்கு,

சுகம். அங்கையும் சுகமாய் இருப்பியள்.

உங்கடை ஆடி மாதக் கடிதத்துக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை. இது திருநாளுக்கு முன்னம் வராது எண்டு தெரியும். தெரிஞ்சுதான் எழுதுறன், இல்லாட்டி வெடிச்சுப்போவன்.

‘நான் அங்கே இருந்தவன்’ எண்டு எழுதினனீங்கள். அப்ப என்ன கண்டனீங்கள்? அதைச் சொல்லேல்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் வெள்ளை வேட்டியோடை அப்பாவுக்காக மெழுகுதிரி பிடிப்பியள். அம்மா பின் வாங்கிலை இருப்பா. அண்டைக்கு நான் இஞ்சை பூசைக்குப் போகமாட்டன். என்ரை ஆயுசிலை முதல்முறையா.

இஞ்சை மழை. காயப்போட்ட நீலச் சேட்டு திரும்ப நனைஞ்சு போச்சு.

செலஸ்ரீனா

†

கொடிவேலிக்குளம்
16.10.1994

என்ரை பிள்ளை செலஸ்ரீனாவுக்கு,

அம்மா எழுதுறன். என்ரை கையாலை. கோணல் எழுத்து, பொறுத்து வாசி. ஒரு கிழமையாய் எழுதுறன். முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பின களிம்பு மணமாய் இருக்கு எண்டு பூனையும் வந்து நக்குது.

திருநாளன்று நடந்ததை அண்ணன் உனக்கு எழுதமாட்டான். நான் எழுதுறன்.

பூசை முடிய சாமியார் பலகையைப் பார்த்து ஒவ்வொரு பெயராய் வாசிச்சார். வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டு ஆக்கள் மெழுகுதிரியோடை எழும்பிப் போகவேணும். மூண்டு வீடு போட்டுது. ‘யாக்கோபு’ எண்டார். அண்ணன் எழும்பினான். நான் இருந்த இடத்திலை இருந்து சொன்னன், ‘அவர் தடி வெட்டக் காட்டுக்குப் போட்டார், ஐயா.’

நான் யோசிச்சுச் சொல்லேல்லை பிள்ளை. அந்தப் பெயரை அப்பிடிக் கூப்பிட்டால் என்ரை வாயிலை வாறது அதுதான். எழுபத்திநாலு தரம் சொன்ன வாய்.

அருள்நாயகிதான் முதல் சிரிச்சவள். கட்டின பல்லு கழண்டு விழப் பார்த்தது, கையாலை பொத்திக்கொண்டு சிரிச்சாள். பிறகு பொம்பிளையள் பக்கம் கிழவியள் எல்லாம். சாமியார் இளம் பிள்ளை, ஒண்டும் விளங்காமல் நிண்டார். அருள்நாயகி எழும்பி, ‘சுவாமி, என்ரை மனுசனும் அப்ப காட்டிலைதான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சேட்டு’ எண்டாள்.

அதை நான் உனக்குச் சொல்லேல்லை. அவளின்ரை மனுசனும் போட்டான். அவன் சேட்டும் விட்டிட்டுப் போகேல்லை. கொலனி ஐயா எங்கடை வீட்டிலை சரி போட்டிட்டு ரோட்டாலை சைக்கிளிலை சுத்திப் போவார். அதுக்குள்ளை எங்கடை கொடியிலை இருந்த சேட்டு வேலிப் பொட்டுக்குள்ளாலை அவளின்ரை கொடிக்குப் போடும். தூக்கிக்கொண்டு ஓடினது ஆர் எண்டு நினைக்கிறாய்? உன்ரை அண்ணன். நெஞ்சு முழுக்க ஈரம். ஒரு செவ்வாயும் பிந்தேல்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அப்பாவை மறைக்கேல்லை, தான் ஓடினதை மறைக்கிறான்.

அண்டைக்குக் கோவிலிலை அவன் மெழுகுதிரியோடை நடுவிலை நிண்டான். முன்னாலையும் போகேல்லை, இருக்கவும் இல்லை. மெழுகு கையிலை ஊத்துப்பட்டது. பிறகு வந்து திரியை என்ரை கையிலை தந்தான். நான் கொண்டுபோய் வைச்சன்.

இப்ப பலகை கழட்டி அருளையாவின்ரை பட்டறையிலை கிடக்கு. முதிரை நல்ல தடிப்பு, ஒரு விரல் ஆழம் சீவினாலும் தாங்கும் எண்டு சொல்லுறார். முழுக்கச் சீவிப்போட்டுத் திரும்பச் செதுக்கலாமாம், பதினாலு வீடும், வீட்டுக்கு ரெண்டு பெயர். சபையிலை இன்னும் சண்டை. நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி: ஓம், வேணும். முந்தி அண்ணன் கேட்டபோது வேண்டாம் எண்டது போலை விட்டது என்ரை பிழை. கொப்பர் திரும்பி வந்த நாளிலேயே நான் கதைச்சிருக்கவேணும். காணியைத்தான் காப்பாத்திறன் எண்டு பொய் சொன்னன். அவரின்ரை பெயரையும் சேர்த்துக் காப்பாத்திப் போட்டன். பிறகு அது பெரிசாய் வளர்ந்திட்டுது.

இனி உன்ரை கதை.

அண்ணன்ரை பெட்டியைத் திறந்து உன்ரை கடிதம் எல்லாத்தையும் எடுத்தன். அருள்நாயகி தன்ரையையும் தந்தாள். நாலு நாளாய் வாசிச்சன். ஒவ்வொண்டிலையும் மருமகன் வேலைக்குப் போட்டார். ஒவ்வொண்டிலையும் சேட்டுக் காயுது, அதுவும் ஒரே நீலச் சேட்டு. பிள்ளையள் பாண் திண்டதும் மக்கரோனி திண்டதும் எழுதியிருக்கிறாய். மருமகன் ஒரு வாய் சாப்பிட்டதாய் ஒண்டிலையும் இல்லை. உனக்குக் கறி கரிஞ்சால் முதல் அவருக்கு என்ன குடுத்தன் எண்டுதான் முந்தி எழுதுவாய்.

எத்தினை மாதம், பிள்ளை?

நான் ஐயாவுக்குப் பயத்திலை நனைச்சன், நனைக்காட்டி காணி போயிருக்கும். உனக்கு அங்கை ஆர் வருகினம்? பேப்பர் உன்ரை பெயரிலை எண்டு நீயே எழுதியிருக்கிறாய். உன்ரை கோபம் முழுக்க எனக்காக எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டன். பாதிதான் எனக்கு. மிச்சத்தைப் போகவேண்டிய இடத்துக்கு அனுப்பு.

சேட்டைக் கொடியிலை இருந்து எடு. அம்மா சொல்லுறன்.

பேரப் பிள்ளையளைக் கொஞ்சினதாய்ச் சொல்லு.
மதலேனாள்

†

பலெர்மோ
04.12.1994

என்ரை அம்மாவுக்கு,

உங்கடை கடிதம் கார்த்திகை 29இலை வந்தது. செவ்வாய்க்கிழமை. நாப்பத்திநாலு நாள். முழங்கால் நல்லாய் வந்தது கேட்டுச் சந்தோசம். பூனைக்கும் சேர்த்து இன்னொரு களிம்பு வைக்கிறன்.

போன வருசம் கார்த்திகை 6இலை இவர் சுவிசுக்குச் சிநேகிதனைப் பார்த்திட்டு ரெண்டு கிழமையிலை வாறன் எண்டு போனார். இண்டையோடை முந்நூற்றித் தொண்ணூற்றிமூண்டு நாள். நாலு தரம் ரெலிபோன் எடுத்தவர். கடைசியாய் எடுத்தது வைகாசியிலை, கிரிசாந்தின்ரை பிறந்தநாளுக்கு, அதுவும் ரெண்டு நாள் பிந்தி. ஸ்ஃபெர்ராகவால்லோ வேலை அவர் போன கிழமையே வேறை ஆளுக்குப் போட்டுது. வாடகையும் சாப்பாடும் என்ரை படி துடைக்கிற வேலையிலை நடக்குது. நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆர் வருகினம் எண்டு கேட்டனீங்கள். ஒருத்தரும் வரேல்லை அம்மா. மாதா சபையிலை நான்தான் முன்னுக்கு இருந்து செபமாலை சொல்லுறனான். தனிய வந்தவளின்ரை குடும்பம் இப்பிடித்தான் போகும் எண்டு அண்ணன் அண்டைக்குச் சொன்னார். அது சரியாய்ப் போட்டுது எண்டு ஆரும் சொல்லக்கூடாது எண்டு நினைச்சன். அதுக்குத்தான் நனைச்சன்.

கடிதம் வந்த அண்டைக்கே சேட்டை எடுத்திட்டன். ஜெசிக்கா, ‘மம்மா, அப்பா வாறாரோ?’ எண்டு கேட்டாள். இல்லை எண்டன். ‘அப்ப ஏன் சிரிக்கிறீங்கள்?’ எண்டாள். நான் சிரிச்சது எனக்குத் தெரியாது. முன் பல்கனிச் சிஞ்ஞோரா கொடியைப் பார்த்திட்டு, ‘உன்ரை மனுசன்ரை சேட்டு எங்கை?’ எண்டு கேட்டா. ‘மனுசனே இல்லை, சிஞ்ஞோரா’ எண்டன். ‘எனக்குத் தெரியும், போன மாரியிலை இருந்து தெரியும், ஒரே சேட்டைத் தோய்ச்சால் ஆருக்குத்தான் தெரியாது’ எண்டா. அம்மா, உங்கடை கொலனி ஐயாவும் அறிஞ்சுதான் சரி போட்டிருப்பார்.

சேட்டாலை வாசல்படி துடைச்சன். நல்ல பருத்தி, தண்ணி இழுக்குது.

இண்டைக்குப் பூசை முடிய எங்கடை கோவிலிலை குடும்ப அட்டையை மாத்தினன். ‘குடும்பத் தலைவர்’ எண்ட இடத்திலை அவரின்ரை பெயரை வெட்டிப்போட்டு என்ரை பெயரை எழுதுவிச்சன். சாமியார் பென்சிலாலை எழுத வெளிக்கிட்டார். பேனையாலை எழுதுங்கோ எண்டன்.

சுவிசுக்கும் ஒரு கடிதம் போட்டாச்சு. நீங்கள் சொன்ன மிச்சக் கோபம் எல்லாம் அதிலை இருக்கு. நாலு பக்கம்.

மலர் நத்தாருக்கு எண்டு கேள்வி, கடதாசி இல்லாமல் அதுவும் பிந்தும். படம் வைக்கிறன். சிஞ்ஞோரா எடுத்தது. நான் நடுவிலை நிக்கிறன், கோட்டு என்ரை. கீழை எழுதவேண்டியது: செலஸ்ரீனா, 1989இல் முதலில் வந்தவர், பிள்ளைகள் கிரிசாந், ஜெசிக்கா, பின்னர் வந்தவர்கள். வேறை ஒரு சொல்லும் வேண்டாம்.

அருள்நாயகி மாமிக்குப் பல்லைக் கவனமாய் வைச்சிருக்கச் சொல்லுங்கோ, பலகை ஏறுற அண்டைக்கும் சிரிக்கவேணும்.

அண்ணாவுக்கு என்ரை அன்பு. இந்தக் கடிதத்தை அவருக்கு நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ. பாதியிலை நிப்பாட்டாமல்.

உங்கடை மகள்
செலஸ்ரீனா